குழந்தை மருத்துவ மேற்படிப்பின் முதலாமாண்டு: வீட்டார் அறிய வேண்டியவை

எம்.பி.பி.எஸ். முடித்த பிள்ளைக்கு நீட் பிஜி மூலம் குழந்தை மருத்துவத்தில் எம்.டி. இடம் கிடைத்துவிட்டால் நம் வீடுகளில் மகிழ்ச்சிக்கு அளவில்லை. ஆனால் சில வாரங்களிலேயே மனக்குறை தொடங்கிவிடுகிறது. "போனை எடுப்பதில்லை, மாமா மகள் நிக்காஹுக்கும் வரவில்லை, படிக்கத்தானே போயிருக்கிறாள்?" என்று பெற்றோர் பலர் வருந்துகிறார்கள். முதலாமாண்டில் என்ன நடக்கிறது என்று தெரிந்தால் இந்தக் குறைகளில் பாதி எழாது.

மாணவரும் மருத்துவரும்

எம்.டி. மூன்றாண்டுப் படிப்பு. இதில் சேர்பவர் மாணவர். அதே வேளையில் மாத உதவித்தொகை பெற்றுக்கொண்டு நோயாளிகளைப் பார்க்கும் மருத்துவர். இங்கே வார்டுதான் வகுப்பறை. பேராசிரியர் காலையில் ரவுண்ட்ஸ் வருவதற்கு முன்பே முதலாமாண்டு மாணவர் வந்து, தன் பொறுப்பிலுள்ள ஒவ்வொரு குழந்தையையும் பார்த்துவிட வேண்டும். காய்ச்சல் எவ்வளவு, எடை எவ்வளவு, எத்தனை முறை சிறுநீர் போனது, பால் குடித்ததா என்று அனைத்தையும் கேஸ் ஷீட்டில் எழுதி, கேட்டதும் பதில் சொல்ல வேண்டும். பிறகு ரத்தம் எடுப்பது, குளுக்கோஸ் ஏற்ற நரம்பு பிடிப்பது, வெளிநோயாளிகளைப் பார்ப்பது, டிஸ்சார்ஜ் சம்மரி எழுதுவது, மாலை ரவுண்ட்ஸ். யூனிட்டின் அட்மிஷன் நாளில் இரவு முழுவதும் விழித்திருக்க நேரும். மறுநாள் காலை வழக்கமான வேலை காத்திருக்கும்.

1992-ல் மத்திய அரசு வகுத்த விதிமுறை, இத்தகைய மருத்துவர்களுக்குத் தொடர்ச்சியான பணி பொதுவாக 12 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. நடைமுறையில் பல இடங்களில் 24 மணி நேரத்தையும் தாண்டுகிறது. போன் எடுக்காததற்குக் காரணம் பெரும்பாலும் இதுதான்.

எடையைப் பொறுத்து மருந்து

குழந்தைகளுக்கு மருந்தைப் பெரும்பாலும் உடல் எடையைக் கணக்கிட்டே கொடுக்க வேண்டும். பாரசிட்டமாலை எடுத்துக்கொள்வோம். ஒரு வேளைக்கு, கிலோவுக்கு 15 மில்லிகிராம் என்ற அளவில் 10 கிலோ குழந்தைக்கு 150 மில்லிகிராம் வேண்டும். 5 மில்லியில் 125 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 6 மில்லி. 250 மில்லிகிராம் உள்ள சிரப் என்றால் 3 மில்லி. ஒரு மில்லியில் 100 மில்லிகிராம் உள்ள சொட்டு மருந்து என்றால் ஒன்றரை மில்லி. பாட்டில் மாறினால் அளவும் மாறும். இந்தக் கணக்கைத் தூக்கம் இல்லாத இரவிலும் தவறாமல் போட முதலாமாண்டில்தான் பழகுகிறார்கள்.

ரத்தம் எடுப்பதும் அப்படியே. 3 கிலோ பச்சிளங்குழந்தையின் உடலில் உள்ள மொத்த ரத்தமே ஏறக்குறைய 250 மில்லிதான். நூலிழை போன்ற நரம்பில், தேவைக்கு மேல் ஒரு சொட்டும் எடுக்காமல் பரிசோதனைக்கு அனுப்ப வேண்டும்.

பிரசவ அறையில் பிறந்ததும் மூச்சு விடாத குழந்தைக்கு முதல் ஒரு நிமிடத்துக்குள் செயற்கைச் சுவாசம் தொடங்க வேண்டும். டெங்குக் குழந்தைக்குக் காய்ச்சல் இறங்கும் நேரமே ஆபத்தானது. "காய்ச்சல் விட்டுவிட்டதே, வீட்டுக்குப் போகலாமா?" என்று தாய் கேட்கும் வேளையில்தான் இவர்கள் மணிக்கொரு தடவை நாடியும் ரத்த அழுத்தமும் பார்க்கிறார்கள். எல்லாம் செய்தும் சில குழந்தைகள் பிழைப்பதில்லை. அதைப் பெற்றோரிடம் சொல்லும்போது மூத்தவர்களுடன் இவர்களும் நிற்க வேண்டும்.

இதற்கிடையில் ஆய்வுக்கட்டுரைக்குத் தலைப்பு முடிவு செய்து, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலும் பெற வேண்டும்.

நாம் செய்ய வேண்டியது

போன் செய்வதை அவர்களிடமே விட்டுவிடுவோம். "சாப்பிட்டாயா?" என்று ஒரு குறுஞ்செய்தி போதும். பெருநாளன்று டூட்டி விழுந்தால் அதைக் குற்றமாகப் பேச வேண்டாம்.

மகளுக்கு முதலாமாண்டிலேயே திருமணம் முடிக்க நினைப்பவர்கள், முதலில் அவளிடம் கலந்து பேசுங்கள். இரவுப் பணி உண்டு, சமையலறைக்கு நேரம் இருக்காது என்பதை மாப்பிள்ளை வீட்டாரிடம் முன்பே தெளிவாகச் சொல்லிவிடுங்கள். திருமணத்துக்குப் பின் இந்த நெருக்கடியால் படிப்பைக் கைவிட நேர்ந்தால், அவளது பல ஆண்டு உழைப்பு வீணாகும். பல மாநிலங்களில் பத்திரத்தில் எழுதிக் கொடுத்த பெருந்தொகையையும் கட்ட வேண்டிவரும்.

பிள்ளை உறக்கமின்றி, யாரிடமும் பேசாமல், நம்பிக்கை இழந்து பேசினால், "எல்லாரும் படிக்கலையா?" என்று அடக்கிவிடாதீர்கள். நேரில் போய்ப் பாருங்கள். துறைப் பேராசிரியரிடமும் தேவைப்பட்டால் மனநல மருத்துவரிடமும் உதவி கேட்பதில் இழுக்கு ஒன்றுமில்லை.

நம் வீட்டுக் குழந்தையுடன் மருத்துவமனையில் நிற்கும்போதும் இதை நினைவில் வைப்போம். காய்ச்சல் எப்போது தொடங்கியது, கடைசியாக எப்போது சிறுநீர் போனது, எந்த மருந்தை எத்தனை மணிக்கு எவ்வளவு கொடுத்தோம் என்பதைத் தெளிவாகச் சொல்வோம். தாமதமானால் குரலை உயர்த்தாமல் கேட்போம். அங்கே கண் சிவந்து நிற்கும் அந்த இளம் மருத்துவரும் யாரோ ஒரு உம்மாவின் பிள்ளைதான்.