ரயிலைப் படம்பிடிக்க எங்கே நிற்பது?

இந்தியாவில் ஓடும் ரயிலைப் பார்க்கவும் படம்பிடிக்கவும் விரும்புவோருக்கு, 10 ரூபாய்க்குக் கிடைத்து இரண்டு மணி நேரம் செல்லுபடியாகும் நடைமேடைச் சீட்டே எளிய, முறையான வழியாகும்; எனினும் அச்சீட்டு நடைமேடையில் நிற்பதற்கு உரிமை தருகிறதேயன்றி, அதன் முனையில் உள்ள சரிவில் இறங்கித் தண்டவாளத்தில் கால் வைப்பதற்கு அன்று. அனுமதியின்றி இருப்புப்பாதைக்குள் நுழைவது அத்துமீறல் எனப்படும். 1989ஆம் ஆண்டின் ரயில்வே சட்டத்தின் 147ஆவது பிரிவு அதற்கு ஆறு மாதம் வரை சிறையோ, 1000 ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்க இடமளிக்கிறது.

தண்டவாளத்தைச் சற்றே விட்டு நின்றால் போதும் என்று பலர் எண்ணுவதுதான் உயிருக்கே உலை வைக்கும் தவறு. இரு தண்டவாளங்களுக்கும் இடையே 1,676 மில்லிமீட்டர் இடைவெளி கொண்ட அகலப்பாதையில் ஓடும் பெட்டியின் அகலம் ஏறத்தாழ 3.24 மீட்டர் என்பதால், அது ஒவ்வொரு பக்கமும் முக்கால் மீட்டருக்கு மேல் வெளியே நீண்டிருக்கும். கைப்பேசித் திரையிலோ, அகலக்கோண வில்லை காட்சியைச் சிறிதாக்கிக் காட்டுவதால், அருகில் வந்துவிட்ட எஞ்சினும் தொலைவில் இருப்பதுபோலவே தோன்றும். மேலே செல்லும் கம்பியில் 25,000 வோல்ட் மின்னழுத்தம் இருப்பதால், உயர்த்திப் பிடித்த செல்ஃபி குச்சி அதைத் தொடாமல் நெருங்கினாலே மின்சாரம் தாவக்கூடும்.

ஓட்டுநரின் கண்ணைக் கூசவைக்கும் ஃபிளாஷ் வெளிச்சத்தையும் தவிர்த்து, மஞ்சள் கோட்டுக்குப் பின்னால் நடைமேடையின் நடுவில் நிற்பவருக்கு, வளைவில் திரும்பி வரும் ரயில் எஞ்சின் முதல் கடைசிப் பெட்டி வரை ஒரே படத்தில் அடங்கிவிடுகிறது.