விளக்குமாறு யார் கையில்?

கோடை விடுமுறை வந்துவிட்டால் போதும். சபைக்குச் சபை வாலிபர் முகாம், சிறுவர் முகாம் என்று களை கட்டிவிடும். அவற்றை நடத்துகிறவர்களில் சிலர், சக தலைவர்களுடன் குழுவாகச் சேர்ந்து, வெளிநாட்டு முகாம்களையும் பார்த்து வருவதுண்டு.

போய் வந்தவர்கள் என்ன கொண்டு வருகிறார்கள்? நிறையப் புகைப்படங்கள், ஒரு பாட்டுப் புத்தகம், நாலைந்து புதிய விளையாட்டுகள். இந்தப் பயணச் செலவுக்கு மாதச் சம்பளக்காரர்கள் போட்ட காணிக்கையும் சேர்ந்திருக்கும். அந்தக் காசுக்கு இவ்வளவு போதுமா?

ஐரோப்பாவில் இரண்டு இடங்களுக்குப் போகிறவர்கள் இதைவிட மேலான ஒன்றைக் கொண்டு வரலாம். ஒன்று பிரான்சில் உள்ள தேஸே. மற்றொன்று ஸ்காட்லாந்தின் ஐயோனா தீவு. இரண்டிலும் முதலில் பார்க்க வேண்டியது மேடையை அல்ல, அடுப்படியையும் கழிப்பறையையும்தான்!

சுவரை இடித்த ஆலயம்

தேஸே, பர்கண்டிப் பகுதியில் க்ளூனி நகரத்துக்குப் பக்கத்தில் குன்றின் மேல் இருக்கும் சின்னஞ்சிறு கிராமம். 1940-ல் ரோஜே என்ற 25 வயது சுவிஸ் வாலிபர் அங்கே வந்து ஒரு வீட்டை வாங்கினார். யுத்த காலம் அது. உயிருக்குப் பயந்து ஓடி வந்த அகதிகளுக்கு, யூதர்களுக்கும்கூட, அந்த வீட்டில் இடம் கொடுத்தார். விஷயம் வெளியே தெரிந்ததால் 1942-ல் அங்கிருந்து விலக நேர்ந்தது. 1944-ல் தோழர்களுடன் திரும்பி வந்தார். 1949 ஈஸ்டரில் ஏழு பேர் சேர்ந்து, ஆயுள் முழுதும் ஒன்றாக வாழ்வது என்று உறுதி எடுத்துக்கொண்டார்கள். இவர் 1976-ல் கல்கத்தாவின் ஏழை மக்கள் நடுவே சில வாரம் தங்கியும் இருக்கிறார்.

இளைஞர்கள் வரத் தொடங்கினார்கள். கூட்டம் பெருகியது. 1962-ல் பெரிய ஆலயம் ஒன்று எழுந்தது. அதுவும் போதவில்லை. 1971 ஈஸ்டரில் ஆலயத்தின் முன்சுவரையே இடித்துவிட்டு, சர்க்கஸ் கூடாரம் ஒன்றை ஒட்டுப் போட்டார்கள்! வருகிறவர்களுக்காகச் சுவர் போகலாமே தவிர, சுவருக்காக வருகிறவர்கள் திரும்பிப் போகக் கூடாது என்ற மனசு அது.

இங்கே முகாம் ஞாயிறு தொடங்கி ஞாயிறு வரை. நாளுக்கு மூன்று முறை மணி அடிக்கும். எல்லோரும் ஆலயத்தில் தரையில் உட்காருவார்கள். சிறு சிறு பாடல்கள், நடுவே நீண்ட மௌனம். தங்குவது கூடாரத்திலும் சாதாரணக் கொட்டகையிலும். சாப்பாடு எளிமையானது.

சோறு பரிமாறுவது, பாத்திரம் தேய்ப்பது, கழிப்பறை கழுவுவது எல்லாம் யார்? வந்திருக்கும் பிள்ளைகளேதான். கோடையில் ஆயிரக்கணக்கானோர் தங்கும் இடம் இப்படித்தான் நடக்கிறது. கட்டணமும் ஆளுக்கு ஆள் மாறும். ஏழை நாட்டிலிருந்து வருபவர் குறைவாகக் கொடுத்தால் போதும். அங்குள்ள சகோதரர்கள் தங்களுக்கென்று நன்கொடை வாங்குவதில்லை. மண்பாண்டம் வனைவது போன்ற சொந்த உழைப்பில் பிழைக்கிறார்கள்.

கொத்தனார் வாத்தியார்

ஐயோனாவின் கதை வேறு. கிளாஸ்கோ நகரின் கோவன், கப்பல் கட்டும் தொழிலாளர் பேட்டை. 1930-களில் அங்கே வேலையில்லாத் திண்டாட்டம். அந்தச் சபையின் போதகர் ஜார்ஜ் மக்லியோட். பிரசங்கம் இந்த மக்களின் காதில் ஏறவில்லை என்பதை அவர் கண்டார்.

1938-ல் ஒரு காரியம் செய்தார். வேலையற்ற கைத்தொழிலாளிகளையும், போதக ஊழியத்துக்குப் படித்து முடித்த இளைஞர்களையும் ஒன்றாக அந்தத் தீவுக்குக் கூட்டிப் போனார். பழைய மடாலயத்தின் இடிந்து கிடந்த பகுதிகளைச் சேர்ந்து கட்டுவது என்று ஏற்பாடு. அங்கே கொத்தனாரும் தச்சரும் வாத்தியார்கள். பட்டம் பெற்றவர்கள் சித்தாள்கள்! கல் சுமந்தார்கள், கலவை தூக்கினார்கள். 1965-ல் வேலை முடிந்தது. இன்றும் அங்கே தங்கப் போகிறவர்கள் வீட்டு வேலையில் பங்கு எடுத்துக்கொள்ள வேண்டும்.

நம் ஊரில்?

நம் முகாம்களைக் கொஞ்சம் எண்ணிப் பார்ப்போம். சமையலுக்கு ஆள், பெருக்குவதற்கு ஆள். கழிப்பறை என்றால், ஊருக்கு ஒதுக்குப்புறமான தெருவிலிருந்து ஒருவரை அழைத்து வருவது பல இடங்களில் வழக்கம். உள்ளே மேடையில் "கிறிஸ்துவுக்குள் எல்லாரும் ஒன்று" என்று பேச்சு நடக்கும். வெளியே அந்த மனிதர் பந்தி முடியும்வரை ஓரமாக நிற்பார். பிள்ளைகள் இரண்டையும் பார்க்கிறார்கள். அவர்கள் மனதில் தங்குவது எது? பேச்சு மறந்துபோகும்; ஓரமாக நின்றவர் மறக்கமாட்டார்.

"படிக்கிற பிள்ளையைப் பாத்திரம் கழுவவா அனுப்பினோம்?" என்று பெற்றோர் கேட்கத்தான் செய்வார்கள். அதற்குத் தலைவர்கள் சொல்லக்கூடிய பதில் ஒன்றே. முதல் நாள் காலையில் கழிப்பறை முறையைத் தங்கள் பெயருக்குப் போட்டுக்கொள்வதுதான் அது. தலைவர் கையில் விளக்குமாறு இருந்தால், அப்புறம் எந்தப் பிள்ளையும் மறுக்காது.

இதற்காகச் சமையல்காரரின் கூலியில் மண் போட வேண்டியதில்லை. ஐயோனாவின் கொத்தனாரைப் போல அவரை வாத்தியாராக்கலாம். பிள்ளைகள் அவரிடம் கற்றுக்கொண்டு காய் நறுக்கட்டும். பந்தியில் அவரும் கூட உட்காரட்டும்.

வெளிநாடு போகும் தலைவர்களுக்கும் ஒரு யோசனை. ஒரே நாளில் பத்து முகாம்களைச் சுற்றி வருவதைவிட, ஒரே முகாமில் ஒரு வாரம் தங்குவது மேல். விருந்தாளிபோல் சுற்றிப் பார்க்காமல், வேலைப் பட்டியலில் தங்கள் பெயரையும் சேர்க்கச் சொல்லிக் கேட்கலாம்.

பிழைப்புக்காக வேறு மாநிலம் வந்து, ஓர் அறையில் நாலைந்து பேராகத் தங்கியிருக்கும் நம்மவர்களுக்கு இது புதுப் பாடம் அல்ல. இன்று தண்ணீர் பிடிப்பது உன் முறை, நாளை சோறு வடிப்பது என் முறை என்றுதான் அங்கே பொழுது ஓடுகிறது. குமாஸ்தாவும் உண்டு, மில் தொழிலாளியும் உண்டு. முறை தப்பினால் சண்டையும் உண்டு! ஊரில் தம்பி தங்கைகளை முகாமுக்கு அனுப்பும்போது, அண்ணன்மார் ஒரு வார்த்தை கேட்டு எழுதலாம்:

"அங்கே விளக்குமாறு யார் கையில் இருக்கிறது?"