அக்கி காட்டிய வரைபடம்

இடுப்பில் ஒரு பக்கம் மட்டும் எரிகிறது. இரண்டு மூன்று நாளில் அதே இடத்தில் கொப்புளங்கள் பட்டையாகக் கிளம்புகின்றன. மலேசியாவின் லிங்கி வட்டாரத்து ரப்பர் தோட்டங்களில் பால் வெட்டிய தலைமுறைக்கு இது அக்கி. குயவரைக் கூப்பிட்டுக் காவியால் எழுதச் சொல்வது ஊரிலிருந்து வந்த வழக்கம். மலேசியச் சீனர்கள் இதைப் பாம்பு என்பார்கள். தலையும் வாலும் இடுப்பைச் சுற்றி வந்து சேர்ந்துவிட்டால் ஆள் பிழைக்காது என்று பயப்படுவார்கள்.

சேருவது அபூர்வம். காரணம் தண்டுவடத்தில் இருக்கிறது.

சின்ன வயதில் வந்த சின்னம்மையின் கிருமி உடம்பை விட்டுப் போவதில்லை. தண்டுவடத்தின் ஓரத்திலுள்ள நரம்பு முடிச்சுகளில் பதுங்கிக் கிடக்கிறது. வயதாகி எதிர்ப்புச் சக்தி குறையும்போது, ஏதாவது ஒரு முடிச்சிலிருந்து அந்த நரம்பு வழியே தோலுக்கு இறங்குகிறது. தண்டுவடத்திலிருந்து 31 ஜோடி நரம்புகள் கிளம்புகின்றன. கிட்டத்தட்ட ஒவ்வொன்றுக்கும் தோலில் தனிப் பட்டை உண்டு. கட்டைவிரல் கழுத்தின் 6-ஆம் நரம்புக்கு, சுண்டுவிரல் 8-ஆவதற்கு, தொப்புள் மட்டம் நெஞ்சுப்பகுதியின் 10-ஆவதற்கு. இடப்பக்க நரம்பின் எல்லை உடம்பின் நடுக்கோட்டோடு சரி. 1900-இல் ஹென்றி ஹெட், கேம்பல் என்ற இரு மருத்துவர்கள் இந்த எல்லைகளை வரைந்ததே அக்கி நோயாளிகளை வைத்துத்தான். (காவி எழுதினாலும் எழுதாவிட்டாலும், 72 மணி நேரத்துக்குள் வைரஸ் எதிர்ப்பு மாத்திரையைத் தொடங்கிவிடுவது நல்லது. கண் பக்கம் வந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.)

மாரடைப்பு வலி இடக்கையில் இறங்குவதும் இந்தக் கணக்கால்தான். இதயத்தின் நரம்புகள் தண்டுவடத்தில் நுழையும் அதே தளத்துக்குத்தான் கையின் உட்புறத் தோலின் நரம்பும் வருகிறது. மூளைக்கு ஆள் மாறிப்போகிறது.

மூளையிடம் இருப்பது வேறொரு படம். 1937-இல் மான்ட்ரியலில் வைல்டர் பென்ஃபீல்ட், விழித்திருந்த நோயாளிகளின் மூளையை மெல்லிய மின்சாரத்தால் தொட்டுத் தொட்டு அதை வரைந்தார். அங்கே உடம்பின் அளவுக்கு மதிப்பில்லை, நுட்பத்துக்கே மதிப்பு. முதுகு முழுவதற்கும் கிடைப்பது ஒரு துண்டு. விரல்களுக்கும் உதட்டுக்கும் பெரும் பங்கு. மரத்தில் கத்தி படாமல் பட்டையை மட்டும் மெல்லிசாகச் சீவி எடுக்கும் பால்வெட்டுக்காரரின் கையை நினைத்தால், இந்தப் பங்கீட்டின் நியாயம் புரியும்.

படத்தில் கைக்குப் பக்கத்து வீடு முகம். சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்து, சான் டியாகோவிலுள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் போன வி. எஸ். ராமச்சந்திரன் 1990-களில் அங்கேதான் கை வைத்தார். கையிழந்த ஒருவரின் கன்னத்தைப் பஞ்சுக் குச்சியால் தொட்டார். அவரோ, இல்லாத கட்டைவிரலைத் தொடுவதாகச் சொன்னார். கையிலிருந்து செய்தி வராத பகுதியை முகத்தின் செய்தி பிடித்துக்கொண்டுவிட்டது என்பது ராமச்சந்திரனின் விளக்கம். அதில் இன்றும் வாதம் ஓயவில்லை.

அவர் செய்த கண்ணாடிப் பெட்டி அதைவிட எளிது. இருக்கும் கையைக் கண்ணாடி முன் அசைத்தால், போன கை திரும்பி வந்து அசைவதுபோலத் தெரியும். இறுகிக் கிடந்த இல்லாத விரல்கள் விரிந்ததாகச் சிலர் உணர்ந்தார்கள். இன்று பல நாடுகளில் பிசியோதெரபியில் இது புழங்குகிறது. எல்லோருக்கும் பலிப்பதில்லை, ஆனால் பெரிய செலவும் இல்லை.