ஓப்பன் ஹவுஸ்: வீட்டைக் காட்டுறதும் மறைக்கிறதும்

ஹாஸ்டலுக்கு அப்பா அம்மா வர்றாங்கன்னு தெரிஞ்சா அரை மணி நேரத்துல என்னெல்லாம் நடக்கும்? அழுக்குத் துணி கட்டிலுக்கு அடியில போகும், ஜன்னல் திறக்கும், ரூம் முழுக்க பாடி ஸ்ப்ரே மணக்கும். அமெரிக்காவுல வீடு விக்கிறவங்க இதையே கொஞ்சம் யோசிச்சு, திட்டம் போட்டுச் செய்யுறாங்க.

ஓப்பன் ஹவுஸ்னா என்ன?

பெரும்பாலும் சனி, ஞாயிறு மதியத்துல ரெண்டு மூணு மணி நேரம் வீட்டைத் திறந்து வெச்சிருப்பாங்க. வாசல்ல போர்டு இருக்கும். யார் வேணும்னாலும் வந்து பார்க்கலாம். ஏஜென்ட் இருப்பார், வீட்டுக்காரங்க வெளிய போயிடுவாங்க. அவங்க பக்கத்துல நின்னா, வர்றவங்க அலமாரியைத் திறக்கக் கூச்சப்படுவாங்க, குறையை வாய்விட்டுச் சொல்ல மாட்டாங்க.

எப்படித் தயார் பண்றாங்க?

1. இடம்: அறையோட அளவு மாறாது. ஆனா தரை எவ்வளவு கண்ணுக்குத் தெரியுதோ, அறை அவ்வளவு பெருசாத் தோணும். அதனால பாதி சாமானை வெளியேத்திடுவாங்க. அலமாரி பிதுங்கி வழிஞ்சா, 'இந்த வீட்டுல பொருள் வைக்க இடம் பத்தாது போல'ன்னு வர்றவங்களுக்குத் தோணும். குடும்ப போட்டோவையும் கழட்டிடுவாங்க. வர்றவங்க தங்களை அந்த வீட்டுல கற்பனை பண்ணிப் பார்க்கணும் இல்லையா? நகை, பாஸ்போர்ட், மருந்து எல்லாம் பூட்டுக்குள்ள போயிடும்.

2. வெளிச்சம்: 2700 கெல்வின் பல்பு மஞ்சளா எரியும், 6500 கெல்வின் நீலம் கலந்த வெள்ளையா எரியும். ஒரே அறையில ரெண்டும் இருந்தா ஒரே பெயின்ட் ரெண்டு நிறமாத் தெரியும். அதனால ஒரு அறைக்கு ஒரே வகை பல்பு. கூடவே ஜன்னல் கண்ணாடியைத் துடைச்சு, திரையை விலக்கினாப் போதும்.

3. வாசனை: நம்ம வீட்டு நாத்தம் நமக்குத் தெரியாது. ஒரே வாசனையில இருந்துட்டே இருந்தா மூக்கு பழகிடும். அதனால பக்கத்து வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் கேக்கணும். ஸ்ப்ரே அடிக்கிறதை விட காரணத்தைத் தேடுறது நல்லது. பயன்படுத்தாத பாத்ரூம்ல, தரைக் குழாய் வளைவுல நிக்க வேண்டிய தண்ணி ஆவியாகியிருக்கும். சாக்கடைக் காத்து நேரா உள்ள வரும். ஒரு மக் தண்ணி ஊத்தினா சரியாகிடும்!

கோடு எங்கே?

இதுவரைக்கும் சொன்னது எல்லாம் வீட்டை நல்லாக் காட்டுறது. சுவர்ல ஓதம் இருக்குன்னு வெச்சுக்குவோம். தண்ணி செங்கல், சிமென்ட்ல இருக்கிற உப்பைக் கரைச்சு வெளிய கொண்டு வரும்; தண்ணி ஆவியாகும், உப்பு வெள்ளையா மேல படியும். அது மேல பெயின்ட் அடிச்சா அன்னைக்குப் பளிச்சுனு இருக்கும். ஆனா தண்ணி வர்ற வழி அப்படியே இருக்கு. கொஞ்ச நாள்ல பெயின்ட் உப்பி உரியும். அப்போ அந்த வீட்டுல இருக்கப்போறது வாங்கினவர், வாழ்நாள் கடனோட.

சட்டமும் இதைப் பார்க்குது. அமெரிக்காவுல 1978-க்கு முன்னாடி கட்டின வீடுன்னா, ஈயம் கலந்த பெயின்ட் பத்தித் தெரிஞ்சதை விக்கிறவர் சொல்லியே ஆகணும். 1991-ல நியூயார்க் மாநிலத்துல ஒரு வழக்கு: தன் வீட்டுல பேய் இருக்குன்னு பத்திரிகைகளுக்கே சொன்ன வீட்டுக்காரர், வெளியூர்ல இருந்து வந்து வாங்கினவர்கிட்ட அதைச் சொல்லலை. 'சட்டப்படி அது பேய் வீடுதான்'னு சொல்லி, ஒப்பந்தத்துல இருந்து விலகிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம் அவரை அனுமதிச்சது!

நம்ம ஊர்ல ஓப்பன் ஹவுஸ் வழக்கம் கிடையாது, ஆனா விதி உண்டு. 1882-ஆம் வருஷத்துச் சொத்துரிமை மாற்றுச் சட்டம், பிரிவு 55: வாங்குறவர் சாதாரணமாப் பார்த்தாக் கண்டுபிடிக்க முடியாத முக்கியமான குறை விக்கிறவருக்குத் தெரிஞ்சிருந்தா, ஒப்பந்தம் வேற மாதிரி சொல்லாத வரைக்கும், அவர் சொல்லியே ஆகணும். சொல்லாம விடுறது மோசடி.

நாளைக்கு நம்மள்ல பல பேர் வீடு கட்டுவோம், வாங்குவோம், விப்போம். ஒவ்வொரு வேலைக்கும் ஒரு கேள்வி கேட்டுக்கலாம்: 'இதை எதுக்குச் செஞ்சீங்க?'ன்னு வாங்குறவர் கேட்டா, உண்மையான காரணத்தைச் சொல்ல முடியுமா? பல்பு மாத்தினதுக்குச் சொல்லலாம். ஓதத்து மேல அடிச்ச பெயின்ட்டுக்குச் சொல்ல முடியாது. கசிவைச் சரி பண்ணி, அந்த பில்லை மேஜை மேல வெச்சுப் பாருங்க. புதுப் பெயின்ட்டை விட வாங்குறவர் அதைத்தான் நம்புவார்.