லேடாங் மலையின் கடைசிப் படி

போன மாதம் காலை நிகழ்ச்சிக்கு ஜாசின் பக்கமிருந்து ஓர் அம்மா அழைத்தார். பாட்டு கேட்கப்போகிறார் என்று நினைத்தேன். "ஏம்மா, முன்னெல்லாம் ராத்திரியில வாசல் விளக்கைப் போட்டா வண்டு மொய்க்கும். இப்ப காணோமே, எல்லாம் எங்க போச்சு?" என்றார். ஊடகத்துறை படித்த எனக்கு வண்டைப் பற்றி என்ன தெரியும்? "மலைக்குப் போயிருக்கும்மா" என்று மழுப்பிவிட்டு அடுத்த பாட்டைப் போட்டேன்.

பிறகு மனசு கேட்கவில்லை. தேடிப் படித்ததில், வாய்க்கு வந்த அந்தப் பதிலில் கொஞ்சம் உண்மையும் இருந்தது.

மலாக்கா - ஜொகூர் எல்லையில் 1,276 மீட்டர் உயரத்தில் நிற்கிறது குனோங் லேடாங். 1854இல் ஆல்ஃபிரட் ரஸ்ஸல் வாலஸ் என்ற ஆங்கிலேயர் நம் ஜாசின் மாவட்டத்து ஆயர் பானாஸில் தங்கி, இந்த மலையில் ஏறினார். வண்டுப் பைத்தியம் பிடித்த மனிதர். இந்த வட்டாரத் தீவுகளில் எட்டு ஆண்டுகள் சுற்றி 125,660 உயிரின மாதிரிகளைச் சேர்த்தார். அதில் 83,200 வண்டுகள்தாம்!

மலை என்பது வண்டுகளுக்கு ஒரு படிக்கட்டு. ஆயிரம் மீட்டர் ஏறினால் சுமார் 6 டிகிரி குளிர்கிறது. மரங்கள் குட்டையாகின்றன, பாசி மூடுகிறது. லேடாங் போலத் தனித்து நிற்கும் மலைகளில் இந்த மாற்றம் பெரிய மலைத்தொடர்களைவிடத் தாழ்வாகவே தொடங்கிவிடும். பொதுவாக அடிவாரக் காட்டில்தான் வண்டு வகைகள் அதிகம். மேலே போகப் போகக் குறையும். சில குடும்பங்கள் மட்டும் நடு உயரத்தில் செழிக்கும். ஆனால் உச்சிக் குளிரில் வாழும் சில வகைகளைக் கீழே எங்கு தேடினாலும் கிடைக்காது.

சாண வண்டுகளின் கதை தனி. அவற்றுக்கு உயரம் மட்டும் போதாது, பெரிய விலங்குகளும் வேண்டும். வாலஸ் இந்த மலையில் யானைச் சாணத்தையும் காண்டாமிருகத்தின் தடங்களையும் பார்த்திருக்கிறார். மலேசியாவின் கடைசிக் காண்டாமிருகம் 2019 நவம்பரில் சபாவில் இறந்துபோனது.

சரி, கீழ்ப்படிக்கு என்ன ஆனது? அதுதான் நம் தோட்டங்கள். காட்டை அழித்துப் பால்மரம் வைத்தோம், பிறகு செம்பனை. காட்டில் இருந்த வகைகளில் கொஞ்சம்தான் செம்பனையில் பிழைக்கும். பிழைப்பவை கூட்டம் கூட்டமாகப் பெருகும்.

ஒரு வண்டை நாமே வரவழைத்தோம். ஆசகான் பக்கத்துத் தோட்டமொன்றில் என் பாட்டி செம்பனைப் பூவுக்கு மகரந்தம் தூவும் வேலை செய்தவர். மகரந்தத் தூளோடு டால்க் பவுடரைக் கலந்து மரம் மரமாக ஊத வேண்டும். 1981இல் கேமரூனிலிருந்து ஒரு கூன்வண்டைக் கொண்டுவந்து விட்டார்கள். அரிசியைவிடச் சிறியது. அந்த வேலையே இல்லாமல் போனது. "பூச்சி வந்து என் சம்பளத்தைத் தின்னுடுச்சு" என்று பாட்டி கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார். முதலாளிக்கு லாபம்தான், வேறென்ன!

இப்போது பூமியே சூடாகிறது. கினபாலு மலையில் 1965இல் அந்துப்பூச்சிகளைக் கணக்கெடுத்த அதே இடங்களில் 2007இல் மறுபடி தேடினார்கள். சராசரியாக 67 மீட்டர் மேலே நகர்ந்திருந்தன. கினபாலு 4,095 மீட்டர். ஏற இன்னும் இடம் இருக்கிறது. லேடாங் உச்சியில் இருக்கும் வண்டு எங்கே ஏறும்? இறங்கி வேறு மலைக்குப் போகலாமென்றால் சுற்றிலும் செம்பனை, ரப்பர், நெடுஞ்சாலை.

போன ஞாயிறு ஆசகானில் மாமா வீட்டுக் கொல்லையில் வெள்ளை வேட்டியைக் கட்டி, பின்னால் விளக்கு வைத்தேன். மலை எதிரே கறுப்பாக நின்றது. இரண்டு மணி நேரத்தில் ஈசல், கொசு, கடைசியாக 'டப்' என்று ஒரு காண்டாமிருக வண்டு. கைப்பேசியை எடுப்பதற்குள் மாமா செருப்பால் ஒரே அடி.

"செம்பனைக் குருத்தைத் துளைக்கிற சனியன்மா இது. இதைப் போய்ப் படம் எடுக்கிறியே!"

ஜாசின் அம்மாவுக்கு நாளைக் காலை நிகழ்ச்சியில் பதில் சொல்ல வேண்டும். இந்த முறை பாட்டைக் கொஞ்சம் தள்ளிப் போடலாம்.