113 மதிப்பெண்ணுக்கு என்ன விலை?

2019-ல் தமிழ்நாட்டில் எம்.பி.பி.எஸ். அரசு ஒதுக்கீட்டு இடம் கிடைத்த அரசுப் பள்ளி மாணவர்கள் ஆறே பேர். மறு ஆண்டு அந்த எண்ணிக்கை முந்நூறைத் தாண்டியது. பள்ளிக்கூடங்கள் ஒரே வருடத்தில் மாறிவிடவில்லை, சட்டம்தான் மாறியது.

நீதிபதி கலையரசன் ஆணையம் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 10 சதவீத உள்ஒதுக்கீடு கேட்டது. அரசு அதை 7.5 ஆக்கி 2020 செப்டம்பரில் சட்டமன்றத்தில் மசோதாவை நிறைவேற்றியது. ஆளுநரின் ஒப்புதலுக்கு ஒன்றரை மாதம் காத்திருந்துவிட்டு, அக்டோபர் 29-ல் அரசாணையே போட்டுவிட்டார்கள். மறுநாள் ஒப்புதல் வந்தது!

மாநிலத்தின் 69 சதவீத இடஒதுக்கீட்டுக்கு மேலே ஏற்றிய புது அடுக்கு அல்ல இது. பொதுப் பிரிவு உட்பட ஒவ்வொரு பிரிவுக்குள்ளும் 7.5 சதவீதம். ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். நீட்டிலும் தேறியிருக்க வேண்டும்.

ஆனாலும் ‘தகுதி போச்சே’ என்ற புலம்பல் கேட்டது. அந்த ஆண்டு இடஒதுக்கீட்டுப் பிரிவினருக்கு நீட் தேர்ச்சி மதிப்பெண் 720-க்கு 113. அதே 113-ஐ வைத்துக்கொண்டு, கையில் பணமும் இருந்தால், தனியார் கல்லூரியின் நிர்வாக ஒதுக்கீட்டில் சேர விண்ணப்பிக்கலாம். அப்போது மட்டும் நோயாளியின் உயிரைப் பற்றி யாரும் பதறுவதில்லை. கூலி வேலைக்காரர் மகள் வந்து நின்றால்தான் பதற்றம்.

பணத்தின் கதை அதோடு முடியவில்லை. 2020 நவம்பர் 18-ல் சென்னை நேரு உள்விளையாட்டரங்கில் கலந்தாய்வு தொடங்கியது. சிலருக்குத் தனியார் கல்லூரியில்தான் இடம் இருந்தது. கட்டணமோ ஆண்டுக்கு நான்கு லட்சத்தை ஒட்டி. கிடைத்த இடத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டு ஊருக்குத் திரும்பியவர்கள் உண்டு. சில நாட்களிலேயே கட்டணத்தை அரசே ஏற்கும் என்று அறிவிப்பு வந்தது. அதை முதல் நாளே சொல்லியிருந்தால் என்ன? இடத்தை விட்டுக்கொடுத்தவர்களில் சிலர் கோர்ட்டுக்கு அலைய வேண்டியிருந்தது.

எனக்குப் பெரிய உறுத்தல் அரசு உதவிபெறும் பள்ளிகள் விஷயத்தில். அங்கே படிப்பவர்களுக்கு இந்த ஒதுக்கீடு இல்லை. பாடநூல் ஒன்று, சத்துணவு ஒன்று, ஆசிரியர் சம்பளமும் அரசு கொடுப்பதுதான். அக்காள் உதவிபெறும் பள்ளி, தம்பி அரசுப் பள்ளி என்றிருக்கும் வீடுகளில் தம்பிக்கு மட்டும் சலுகை. உதவிபெறும் பள்ளிகளில் வசதியானவர்களும் படிக்கிறார்களே என்பார்கள். வருமான வரம்பு வைத்தால் தீர்ந்தது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. தங்களையும் சேர்க்க வேண்டும் என்ற உதவிபெறும் பள்ளி மாணவர்களின் கோரிக்கையை ஏற்கவில்லை.

ஒதுக்கீட்டுக்குள்ளேயும் ஒரு போட்டி நடக்கிறது. பிளஸ் டூ முடித்து ஓராண்டு, இரண்டாண்டு கோச்சிங் சென்டரில் தங்கிப் படித்த ‘ரிப்பீட்டர்’கள் கணிசமான இடங்களைப் பிடிக்கிறார்கள். அவர்கள் மேல் குற்றமில்லை. அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தான். ஆனால் பிள்ளையைச் சம்பாதிக்க அனுப்பாமல், விடுதிக் கட்டணமும் கட்டி ஒரு வருடம் தள்ள எத்தனை குடும்பங்களால் முடியும்? பள்ளியில் படித்ததை மட்டும் நம்பி, முதல் முறையிலேயே தேர்வெழுதும் பெண்ணை இந்த 7.5-உம் எளிதில் எட்டுவதில்லை. அவளைப் போன்றவர்களுக்கு இதற்குள்ளேயே ஒரு பங்கைப் பிரித்து வைப்பதில் என்ன தடை?

அரசுப் பள்ளிகளின் தரத்தை உயர்த்துங்கள், ஐந்தாண்டில் இந்த ஒதுக்கீட்டை மறுபரிசீலனை செய்யுங்கள் என்றும் உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. தீர்ப்பு நாளிலிருந்து எண்ணினால் கெடு 2027. ஒதுக்கீட்டில் வந்த இடங்களின் எண்ணிக்கை ஒவ்வோர் ஆண்டும் தலைப்புச் செய்தியாகிறது. அரசுப் பள்ளிகளில் காலியாகக் கிடக்கும் இயற்பியல், வேதியியல் ஆசிரியர் பணியிடங்களின் பட்டியலையும் அதன் பக்கத்திலேயே அரசு வெளியிடட்டும்.