பதில் சொன்னா காசு! பிரிட்டிஷ் பப் க்விஸ் மெஷின்... ஜாலி ஆட்டமா, போங்கு ஆட்டமா?

மாஸ்டர்ஸ் படிக்க இங்கிலாந்து போயிருக்கும் காலேஜ் ஃப்ரெண்ட் ஒருத்தன் போன வாரம் வாட்ஸ்அப்பில் ஒரு போட்டோ அனுப்பியிருந்தான். ஒரு பப்பின் மூலையில், டாய்லெட்டுக்குப் போகும் வழியில், ஆளுயரத்துக்கு ஒரு மெஷின். டச் ஸ்கிரீன், காசு போட ஒரு ஓட்டை, காசு வந்து விழ கீழே ஒரு தட்டு. கூடவே ஒரு மெசேஜ்: "மச்சி, ஒரு பவுண்டு போட்டா கேள்வி கேக்குது. வரிசையா கரெக்டா சொன்னா 20 பவுண்டு தருமாம். நிஜமா, போங்கா?"

நல்ல கேள்வி. அவனுக்கு டைப் பண்ண ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால், உங்களுக்கும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

பிரிட்டிஷ்காரர்களுக்கு க்விஸ் என்றால் அப்படி ஒரு பைத்தியம். நம்ம ஊர் டீக்கடையில் அரசியல் ஓடுகிற மாதிரி, அங்கே பப்களில் க்விஸ் ஓடும். 1970-களில் பப்களுக்கு இடையே க்விஸ் லீக்கே நடத்த ஆரம்பித்துவிட்டார்கள். வாரத்தில் ஒருநாள் மைக் பிடித்துக் கேள்வி கேட்பது வழக்கமாகிவிட்டது. அப்போ மீதி ஆறு நாள்? அந்த இடத்தைப் பிடிக்க வந்ததுதான் இந்த மெஷின். 1980-களில் பப்களுக்குள் நுழைந்தது. 2000-க்குப் பிறகு 'இட்பாக்ஸ்' போன்ற டச் ஸ்கிரீன் பெட்டிகள் வந்தன. ஒரே பெட்டிக்குள் பல கேம்கள். டி.வி-யில் ஹிட்டான நிகழ்ச்சிகளும் அதில் கேமாக இருக்கும். முக்கியமாக, 'ஹூ வான்ட்ஸ் டு பி எ மில்லியனர்'. சூர்யா விஜய் டி.வி-யில் நடத்திய 'நீங்களும் வெல்லலாம் ஒரு கோடி' ஞாபகம் இருக்கா? அதன் ஒரிஜினல்தான் இது. 1998-ல் பிரிட்டனில் தொடங்கியது.

ஆனால் டி.வி-க்கும் இந்தப் பெட்டிக்கும் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. டி.வி-யில் ஒருத்தர் ஒரு கோடி ஜெயித்தால், அந்தப் பணம் விளம்பரத்திலிருந்து வருகிறது. யாராவது ஜெயித்தால் சேனலுக்குக் கொண்டாட்டம்தான், அடுத்த வாரம் இன்னும் நாலு பேர் பார்ப்பார்கள். பப் மெஷினுக்கு விளம்பரதாரர் கிடையாது. நீங்கள் ஜெயிக்கும் 20 பவுண்டு, உங்களுக்கு முன்னால் தோற்றவர்கள் போட்ட காசு. அதிலேயே மெஷின் கம்பெனிக்குப் பங்கு, பப் ஓனருக்குப் பங்கு. அதாவது, எல்லோரும் போட்ட காசைவிடக் குறைவாகத்தான் திரும்பி வெளியே வர வேண்டும். வராவிட்டால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள்.

இப்போ ஒரு சின்னக் கணக்கு. பயப்படாதீங்க, ப்ளஸ் டூ மேத்ஸ்கூட இல்லை.

ஒரு ஆட்டத்துக்கு ஒரு பவுண்டு, வரிசையாக 10 கேள்விக்குச் சரியாகச் சொன்னால் 20 பவுண்டு என்று வைத்துக்கொள்வோம். நாலு சாய்ஸில் கண்ணை மூடிக்கொண்டு அமுக்கினால், பத்தும் சரியாக வர வாய்ப்பு பத்து லட்சத்தில் ஒன்றுதான். ஆக, குத்துமதிப்பாக ஆடுகிறவரைப் பற்றி மெஷினுக்குக் கவலையே இல்லை. 10-க்கு 7 தெரிந்தவர்? 100 ஆட்டம் ஆடினால் சுமார் 3 முறைதான் ஜெயிப்பார். 100 பவுண்டு போட்டு 60 பவுண்டுக்கும் குறைவாக எடுப்பார். மெஷின் ஹேப்பி. ஆனால் 4-க்கு 3 தெரிந்தவர் வந்தால் நிலைமை தலைகீழ். 100 பவுண்டுக்கு 110-ஐத் தாண்டி எடுத்துவிடுவார். 10-க்கு 9 தெரிந்த ஒரு க்விஸ் புலி வந்தால் 100 ஆட்டத்தில் 35 முறை ஜெயிப்பார். 700 பவுண்டு! ஒரே ஆள் ஒரு சாயங்காலத்தில் பெட்டியைத் துடைத்து எடுத்துவிடுவார்.

இது வெறும் கற்பனை இல்லை. இப்படி மெஷின் மெஷினாகப் போய் ஆடிக் காசு பார்த்தவர்கள் பிரிட்டனில் நிஜமாகவே இருந்தார்கள். மெஷினுக்குள் இருக்கும் கேள்விகளுக்கு ஒரு எல்லை உண்டு. திரும்பத் திரும்ப ஆடினால் பழைய கேள்வியே மறுபடி வரும். மனப்பாடம் செய்துவிட்டால் அது அறிவுப் போட்டி இல்லை, ஏடிஎம்! ஒரு பப்பில் கறந்துவிட்டு அடுத்த ஊருக்குப் போவது, மெஷின் மறுபடி நிரம்பியதும் திரும்பி வருவது என்று இதையே பிழைப்பாக வைத்திருந்தவர்கள் உண்டு. பப் ஓனர் முறைத்துப் பார்த்தால், க்ளாஸைக் காலி பண்ணிவிட்டுக் கிளம்ப வேண்டியதுதான்.

மெஷின் சும்மா இருக்குமா? கேள்வியை அடிக்கடி மாற்றுவது, ஜெயிக்கத் தேவையான கேள்விகளின் எண்ணிக்கையைக் கூட்டுவது, நேரத்தைக் குறைப்பது என்று அதற்கும் வழிகள் உண்டு. நெட்வொர்க்கில் இணைந்த பெட்டிகள் வந்த பிறகு புதுக் கேள்விகளை இறக்குவது இன்னும் சுலபமாகிவிட்டது. ஆனால் ரெகுலராக ஆடுபவர்கள் காலங்காலமாகப் புலம்புவது வேறொன்றைப் பற்றி. 'ஒருத்தன் ஜெயிச்சிட்டா, அடுத்து வர்றவனுக்கு மெஷின் கழுத்தறுக்கும்' என்பதுதான் அந்தப் புலம்பல். முதல் ஏழு கேள்வி எல்.கே.ஜி ரேஞ்சில் போகும். பரிசு கைக்கு எட்டும் தூரத்தில் வந்ததும், 'இந்தப் பாட்டு எந்த வருஷம் சார்ட்டில் வந்தது? 1971, 1972, 1973, 1974?' என்று ஒன்று வந்து விழும். அந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்தவர்களுக்குக்கூட அது குருட்டாம்போக்குதான்.

சரி, இது போங்கா?

இங்கேதான் சட்டம் உள்ளே வருகிறது. பிரிட்டிஷ் பப்களில் இதற்குப் பக்கத்திலேயே இன்னொரு பெட்டி நிற்கும். பழங்கள் சுற்றும் 'ஃப்ரூட் மெஷின்'. அது சூதாட்டம் என்று சட்டமே ஒப்புக்கொள்கிறது. அதனால் 18 வயசு ஆகியிருக்க வேண்டும். ஒரு பப்பில் இத்தனைதான் வைக்கலாம், பரிசு இவ்வளவுதான் என்றெல்லாம் கட்டுப்பாடு உண்டு. போட்ட காசில் எத்தனை சதவிகிதம் திரும்பி வரும் என்ற விவரமும் அதிலேயே இருக்கும். க்விஸ் மெஷின் அந்த வகையில் சேராது. 'திறமைக்குப் பரிசு' என்பது அதன் பெயர். 2005-ல் இயற்றப்பட்டு 2007 செப்டம்பரில் நடைமுறைக்கு வந்த பிரிட்டனின் சூதாட்டச் சட்டம் என்ன சொல்கிறது? ஒரு ஆட்டத்தில் திறமையோடு அதிர்ஷ்டமும் கலந்திருந்தால், அதுவும் அதிர்ஷ்ட ஆட்டம்தான். மகா திறமைசாலியால் அந்த அதிர்ஷ்டத்தை இல்லாமல் செய்ய முடியும் என்றாலும்கூட அதே கதைதான். ஆக, க்விஸ் மெஷின் சூதாட்டக் கணக்கில் வராமல் தப்பிக்க, முழுக்க முழுக்கத் திறமை ஆட்டமாக இருக்க வேண்டும். 'இன்னிக்குக் காசு கொடுக்கலாமா, வேணாமா' என்று மெஷினே முடிவு செய்தால், அது அந்தக் கோட்டைத் தாண்டிவிடுகிறது.

அப்போ கஷ்டமான கேள்வி கேட்பது? அங்கேதான் ஓட்டை. கேள்வி எவ்வளவு கஷ்டமாக இருந்தாலும் அதற்குப் பதில் ஒன்று இருக்கிறது, தெரிந்தவர் சொல்லிவிட்டுப் போகலாமே என்று வாதாடலாம். சட்டப்படி கேட்கச் சரியாகத்தான் இருக்கிறது. ஆனால் ஆடுகிறவர் கோணத்தில் பாருங்கள். நீங்கள் ஜி.ஆர்.இ எழுதியிருந்தால் தெரியும். முதல் செக்‌ஷனில் நன்றாகச் செய்தால், அடுத்த செக்‌ஷன் கஷ்டமாக வரும். ஆனால் அந்தக் கஷ்டத்துக்கு ஏற்ற மார்க்கும் உண்டு. க்விஸ் மெஷினில் கஷ்டம் மட்டும்தான் கூடும், 20 பவுண்டு 20 பவுண்டாகவே நிற்கும். உங்கள் முகத்தைப் பார்த்துவிட்டுக் கேள்வித்தாள் செட் பண்ணும் வாத்தியார் மாதிரி. ஃப்ரூட் மெஷினாவது 'நான் இவ்வளவுதான் திருப்பித் தருவேன்' என்று நெற்றியில் எழுதி ஒட்டிக்கொள்கிறது. 'உன் அறிவுக்குப் பரிசு' என்று சொல்லிக் கூப்பிடும் பெட்டி அதைச் சொல்வதில்லை. எனக்கு உறுத்துவது இதுதான்.

இதில் காமெடி என்னவென்றால், 2013 பிப்ரவரி 1 முதல் பிரிட்டிஷ் அரசு 'மெஷின் கேம்ஸ் டியூட்டி' என்று ஒரு வரி போட்டது. ஃப்ரூட் மெஷினுக்கும் அது உண்டு, காசு பரிசு தரும் க்விஸ் மெஷினுக்கும் உண்டு. சூதாட்டம் இல்லை என்று தப்பித்த பெட்டி, வரி என்று வந்ததும் அதே வரிசையில் நின்றது.

காசே தராத மெஷின்களும் உண்டு. அமெரிக்க பார்களில் மேஜை மேல் வைத்திருந்த 'மெகாடச்' அப்படித்தான். கேள்வி கேட்கும், ஸ்கோர் காட்டும், அவ்வளவுதான். பரிசு இல்லாததால் யாரையும் ஜெயிக்கவிடாமல் தடுக்க வேண்டிய அவசியம் அதற்கு இல்லை. லிஸ்ட்டில் முதலிடத்தில் நம் பெயர் வந்தால், அடுத்த வாரம் வந்து பார்க்க ஒரு பெருமை.

நம்ம ஊரிலும் இதே சண்டைதான் வேறு வேஷத்தில் நடந்தது. ரம்மி திறமை ஆட்டமா, அதிர்ஷ்ட ஆட்டமா என்று தமிழ்நாட்டில் சட்டம் போட்டு, வழக்கு நடந்து, 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் ரம்மியையும் போக்கரையும் திறமை ஆட்டம் என்றது. 2025 ஆகஸ்ட்டில் நாடாளுமன்றம் வேறு பாதையில் போய்விட்டது. திறமையோ அதிர்ஷ்டமோ, பணம் கட்டி ஆன்லைனில் ஆடும் எல்லா ஆட்டத்துக்கும் தடை. அது சரியா தப்பா என்பது தனிக் கட்டுரை. ஆனால் 'இது திறமை ஆட்டம்ங்க' என்ற சர்டிஃபிகேட், 'இதில் நீங்கள் ஜெயிப்பீர்கள்' என்ற உத்தரவாதம் ஆகாது. உங்கள் மொபைலில் எந்த 'ஸ்கில் கேம்' விளம்பரம் வந்தாலும், பரிசுப் பணம் யார் பையிலிருந்து வருகிறது என்று ஒரு நிமிஷம் யோசித்துப் பாருங்கள்.

ஜாலியா என்று கேட்டால், ஆமாம். அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும். தனியாளாக நின்று, தோற்ற காசைப் பிடிக்க இன்னொரு காசு போடுகிறவருக்கு அது ஜாலி இல்லை, தலைவலி. ஆனால் நாலு பேர் ஆளுக்கு 25 பென்ஸ் போட்டு, ஒருத்தனுக்கு ஃபுட்பால், இன்னொருத்திக்கு சினிமா, மூணாமவனுக்கு மேப் என்று பிரித்துக்கொண்டு ஆடினால் கதையே வேறு. டைமர் ஓடும்போது நாலு பேரும் நாலு பதிலைக் கத்துவதும், தப்பாக அமுக்கியவனை அடுத்த அரை மணி நேரம் ஓட்டுவதும்தான் அதன் மதிப்பு. ஒரு பவுண்டுக்கு லண்டனில் வேறென்ன கிடைக்கும்? சினிமா டிக்கெட்டின் ஓரத்தைக்கூடக் கிழிக்க முடியாது.

அந்தக் கூட்டத்தைக் கலைத்தது நம் கையில் இருக்கும் போன். கூகுள் பார்த்து ஏமாற்றுவார்கள் என்பது பெரிய பிரச்னையே இல்லை, சில விநாடிகளில் தேடி முடிப்பது கஷ்டம். ஸ்மார்ட்போனுக்கு முன்னாலேயே, ஒரு பவுண்டுக்குப் பதிலை எஸ்.எம்.எஸ்-ல் அனுப்பும் '63336' என்ற சேவை பிரிட்டனில் இருந்தது. அது இந்த மெஷின்களைக் கொன்றுவிடவில்லை. ஆனால் ஃப்ரெண்டு வரும்வரை பப்பில் தனியாக உட்கார்ந்திருப்பவர் இப்போது மூலையில் இருக்கும் பெட்டியைத் தேடிப் போவதில்லை. குனிந்து ரீல்ஸ் பார்க்கிறார். ஒருகாலத்தில் பப்புக்குப் பப் நின்ற பெட்டிகளை இன்று தேடித்தான் பிடிக்க வேண்டும்.

ஃப்ரெண்டுக்கு இதையெல்லாம் சுருக்கி அனுப்பினேன். "மூணு பேரைச் சேத்துக்கோ, ஒரு பவுண்டுதான், ரெண்டாவது பவுண்டு போடாத" என்று கடைசியில் சேர்த்தேன். ராத்திரி பதில் வந்தது. கிரிக்கெட் கேள்வி மூன்றையும் இவன்தான் அடித்தானாம். ஏழாவது கேள்வியில் அவுட். 1960-லிருந்து அங்கே ஓடிக்கொண்டிருக்கும் 'கொரோனேஷன் ஸ்ட்ரீட்' சீரியலில் யார் யாருக்கு மாமியார் என்று கேட்டதாம்.

"நம்ம ஊர் சீரியல் மாமியாரே எனக்குத் தெரியாது மச்சி" என்று எழுதியிருந்தான். அதற்குக் கீழே இன்னொரு மெசேஜ்: "ரெண்டாவது பவுண்டும் போட்டுட்டேன்."